பச்சை டேப் சுற்றிய மைக்

என் அக்காவைக் கட்டிக்கொண்டதோடு நிற்காமல் என்னையும் தொழிலில் கட்டிப்போட்ட மாமாவுக்கு,

உங்கள் மச்சான் முதுநகரிலிருந்து எழுதுகிறேன். நீங்கள் இருந்தவரை உங்களுக்கு நான் ஒரு வரி எழுதியதில்லை. தினமும் முகத்தைப் பார்க்கிற ஆளுக்கு என்ன கடிதம்? நம் சவுண்ட் சர்வீஸ்காரர்கள் சங்கம் இந்த வருஷம் மலர் போடுகிறது. "மாமாவைப் பத்தி நீங்கதான் எழுதணும், வேற யாரு எழுதுறது?" என்று செயலாளர் பிடித்துக்கொண்டார். அவர் கேட்டது பாராட்டி நாலு பத்தி. எழுத உட்கார்ந்தால் வேறு விஷயம்தான் வருகிறது. உங்களிடம் தனியாகச் சொல்லியிருக்க வேண்டியதை இப்போது ஊர் கேட்கச் சொல்கிறேன்.

முதலில் கடை நிலவரம். கடை ஓடுகிறது. நான் இன்னமும் காலை பஸ்ஸில் சிதம்பரம் வந்து, சாயங்காலம் முதுநகர் திரும்புகிறேன். நீங்கள் ஆசை ஆசையாக வாங்கிய பழைய மைக் செட்டுக்கு ஓய்வு கொடுத்துவிட்டேன். அது எழுநூறு மெகாஹெர்ட்ஸுக்கு மேலே ஓடிய செட். அந்த இடத்தில் இப்போது செல்போன் டவர்கள் குடிவந்துவிட்டன. நெல்லிக்குப்பத்தில் ஒரு கரும்புக்காரர் வீட்டு வளைகாப்பில் அதைக் கொண்டுபோய் வைத்தேன். வாழ்த்திப் பேச வந்த அம்மா வாயைத் திறந்ததும் ஸ்பீக்கரில் எண்ணெய்ச் சட்டியில் வடை போட்ட சத்தம். அந்த அம்மா பாவம், தன் தொண்டைதான் கெட்டுவிட்டது என்று நினைத்துத் தண்ணீர் கேட்டார். அன்றோடு அதைப் பெட்டியில் போட்டுப் பூட்டினேன்.

இப்போது எல்லோருமே ஐந்நூறுக்கும் அறுநூற்றுச் சொச்சத்துக்கும் நடுவில்தான் ஓட்டுகிறோம். ஆகாயம் காலியாகக் கிடக்கிறது என்று நினைப்பவன் நம் தொழிலுக்கு வரக்கூடாது என்பீர்களே, அது இன்னும் ஜாஸ்தியாகிவிட்டது. நூறுக்குக் கொஞ்சம் மேலும் கீழும் எஃப்.எம். நூற்றைம்பதுகளில் முதுநகர் துறைமுகத்துப் படகுக்காரர்கள். அதில் பதினாறாம் சேனலை ஆபத்துக்கும் அவசரத்துக்கும் விட்டுவைத்திருக்கிறார்கள். அங்கே யாராவது மீன் விலை பேசினால் நாலு படகிலிருந்து திட்டு விழும். நானூற்றுச் சொச்சத்தில் கார் சாவி, கேட்டு ரிமோட்டு, வாக்கிடாக்கி. இரண்டாயிரத்து நானூறில் வைஃபையும் புளூடூத்தும் ஒரே பாயில் படுத்துப் புரள்கின்றன. இத்தனை பேருக்கும் நடுவில் கல்யாண மைக்குக்கு ஒரு சின்ன சந்து. அந்தச் சந்தில்தான் நம் பிழைப்பு.

உங்களுக்கு ஒயர்லெஸ் என்றாலே ஆகாது. மைக்குக்கு ஒயர் இருந்தால்தான் உங்களுக்குத் தூக்கம் வரும். "காத்துல வுட்டா அது ஊருக்கு வுட்டது மச்சான். ஒயர்ல போனாதான் அது நம்புளது" என்பீர்கள். மாப்பிள்ளைகள் நடந்துகொண்டே பேச ஆசைப்பட்டார்கள், பட்டிமன்றக்காரர்கள் கையை வீசிப் பேச ஆசைப்பட்டார்கள். நீங்களும் எத்தனை நாள் மறுப்பீர்கள்? கடைசியில் அலைவரிசை என் பொறுப்பு, மிக்ஸரில் உட்கார்ந்து சத்தம் பார்ப்பது உங்கள் பொறுப்பு என்று பிரித்துக்கொண்டோம். மாமன் மச்சானுக்குள் சண்டை வராத ஒரே பாகப்பிரிவினை அதுதான்.

பஸ் ஸ்டாண்டு டீக்கடைக் கூட்டமும் நடக்கிறது. பெரிய முகூர்த்தத்துக்கு முந்தின நாள் எல்லாக் கடைக்காரர்களும் கூடி, "நாளைக்கு எந்த மண்டபம், என்னா கலரு?" என்று கேட்டுக்கொள்கிற அதே கூட்டம். ஒரு கடைக்கு ஒரு நிற இன்சுலேஷன் டேப், ஒரு நிறத்துக்கு ஒரு அலைவரிசை. நாம் பச்சை. பக்கத்துப் பக்கத்து மண்டபத்தில் ஒரே நிறம் ஓடக்கூடாது என்பது எழுதாத சட்டம். போன மாதம் வெளியூரிலிருந்து ஒருத்தர் புது செட்டோடு வந்தார். டீக்கடைப் பக்கமே எட்டிப்பார்க்கவில்லை. நமக்குப் பக்கத்து மண்டபத்தில் அவரும் நம் பச்சையில்தான் ஓட்டியிருக்கிறார். நம் மண்டபத்தில் பெண்ணுடைய சித்தப்பா மைக்கைப் பிடித்து, "யாரோ வெள்ளைக் கார வாசல்ல குறுக்க போட்டுட்டுப் போயிட்டீங்க, மொதல்ல எடுங்க" என்றார். அது பக்கத்து மண்டபத்தில், கெட்டிமேளம் கொட்டுகிற நேரத்தில், ஐயர் குரலுக்கு மேலே கேட்டிருக்கிறது. தாலியைக் கையில் எடுத்த மாப்பிள்ளை அப்படியே நின்றுவிட்டாராம். அவருடைய கார்தான் வெள்ளை.

நீங்கள் இருந்திருந்தால் இதைச் சொல்லிச் சொல்லி ஒரு வாரம் சிரித்திருப்பீர்கள். நானும் சிரித்தேன். சிரித்த கையோடு உங்களிடம் சொல்லத் திரும்பினேன். பக்கத்தில் ஸ்பீக்கர் பெட்டிதான் இருந்தது.

மாமா, சுற்றி வளைப்பதை நிறுத்துகிறேன்.

நம் தொழிலில் ஒரு ஒழுக்கம் உண்டு. மைக்கை மாட்டிக்கொண்டவர்கள் அதை மறந்துவிட்டுத் தனியாகப் பேசப் போய்விடுவார்கள். மாப்பிள்ளை தன் நண்பனிடம் சீர்வரிசையைப் பற்றி முணுமுணுப்பார். மாமியார் சம்பந்தியைப் பற்றி நாலு வார்த்தை விடுவார். அப்போது மிக்ஸரில் இருப்பவன் இரண்டு காரியம் செய்ய வேண்டும். மண்டபத்துக்குக் கேட்காதபடி சத்தத்தை இறக்க வேண்டும். தன் காதிலிருந்து ஹெட்போனையும் கழற்றிவிட வேண்டும். சுவருக்குக் காது இருக்கலாம், சவுண்ட்காரனுக்கு இருக்கக்கூடாது. அந்த ஒரு நாள் நான் முதல் காரியத்தை மட்டும் செய்தேன்.

தெற்கு வீதிப் பக்கத்து மண்டபம் அது. சாயங்காலம் வரவேற்பு, காலையிலேயே பெட்டிகளை இறக்கிவிட்டோம். பந்தல்காரர்கள்கூட இன்னும் வரவில்லை. காலர் மைக்கை மாட்டிக்கொண்டு ஒருவர் மண்டபம் முழுக்க நடக்க வேண்டும், இன்னொருவர் ரிசீவரைப் பார்த்துக்கொண்டு எங்கே சத்தம் அறுகிறது என்று கவனிக்க வேண்டும். எப்போதும் நடப்பவன் நான். அன்றைக்கு நீங்கள் பச்சை டேப் சுற்றிய மைக் பெட்டியை எடுத்து இடுப்பில் சொருகிக்கொண்டு, "இன்னிக்கு நான் நடக்கிறேன், நீ உக்காரு" என்றீர்கள். "என்னா மாமா, ஒடம்பைக் கொறைக்கப் போறீங்களா?" என்று கிண்டல் செய்தேன். நீங்கள் சிரித்தீர்கள்.

மேடை, வாசல், மாடிப்படி, பந்தி நடக்கும் கூடம் என்று "ஹலோ செக், ஹலோ செக்" சொல்லிக்கொண்டே போனீர்கள். சாப்பாட்டுக்கூடம் தாண்டிப் பின்னால் சமையல் கொட்டகைக்கும் போய்விட்டீர்கள். பின்பக்கச் சன்னல் வழியாகப் பார்த்தேன். பட்டன் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றீர்கள். சத்தத்தை இறக்கினேன். ஹெட்போனைக் கழற்றக் கை போனபோதுதான் 'ரிப்போர்ட்டு' என்ற வார்த்தை காதில் விழுந்தது. கை அப்படியே நின்றுவிட்டது.

"ரிப்போர்ட்டு பாத்துட்டேன் சார். பரவிடுச்சுன்னு போட்டுருக்கு. எனக்குப் புரியுது சார், நீங்க பூசி மொழுவ வேணாம். என் கவலை அது இல்ல. வீட்ல அவகிட்ட எப்டி சொல்றது? அவ மொவத்தைப் பாத்தா எனக்கு வாய் வர மாட்டேங்குது சார். என் மச்சான் இருக்கான். அவன் சொன்னா அவ தாங்கிக்குவா. அவனுக்கு மொதல்ல தெரிஞ்சா போதும், பக்குவமா எடுத்துச் சொல்லிடுவான். அவகிட்ட மறைச்சிட்டுப் போவ எனக்கு மனசு இல்ல சார்."

வார்த்தைக்கு வார்த்தை எனக்கு மனப்பாடம் மாமா. மறக்கத்தான் பார்த்தேன், முடியவில்லை.

திரும்பி வந்தீர்கள். நெற்றி வியர்வையைத் துண்டால் துடைத்துக்கொண்டு, "எல்லா எடத்துலயும் கேட்டுச்சா மச்சான்?" என்று கேட்டீர்கள். ஒட்டுக்கேட்டவன் என்று தெரிந்துவிடுமே என்கிற பயம் ஒரு பக்கம். தெரியும் என்று சொல்லிவிட்டால் அடுத்து அக்கா முன்னால் போய் நிற்க வேண்டுமே என்கிற பயம் அதைவிடப் பெரிது. ரிசீவரைத் துடைக்கிற மாதிரி குனிந்துகொண்டேன். பிறகு சொன்னேன். "சாப்பாட்டுக்கூடம் வரைக்கும் கிளியரா கேட்டுச்சு மாமா. சமையல் கொட்டகைப் பக்கம் போனதும் கட்டாயிடுச்சு. அங்க ஒண்ணுமே கேக்கல."

நீங்கள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தீர்கள். "சரி" என்றீர்கள். இடுப்புப் பெட்டியைக் கழற்றி என் கையில் கொடுத்தீர்கள்.

அதன் பிறகு பெரிய பெட்டிகளை உங்களுக்கு முன்னால் நான் ஓடிப்போய்த் தூக்கினேன். ஏணியில் உங்களை ஏறவிடவில்லை. "என்னா மச்சான், திடீர்னு பாசம் பொங்குது?" என்றீர்கள். "வயசுக்கு ஒரு மரியாதைதான்" என்று பல்லைக் காட்டினேன். என்னை எத்தனை வருஷமாகத் தெரியும் உங்களுக்கு? பெட்டி ஏற்ற வண்டி வந்தால் டீ குடிக்க ஒதுங்குகிற ஆள் நான். அப்போதே உங்களுக்குத் தெரிந்திருக்காதா?

அதே மண்டபத்தில் மறுபடி ஒரு நிச்சயதார்த்தம் வந்தது. நீங்கள் ஏற்கெனவே இளைத்திருந்தீர்கள், அக்கா அதைச் சர்க்கரை என்று நினைத்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு நீங்களே ரிசீவரின் ஆன்டெனாக்களைக் கழற்றி, ஸ்டாண்டில் ஆள் உயரத்துக்கு மேலே மாட்டினீர்கள். அந்த வேலையை நீங்கள் தொட்டதே கிடையாது. கூட்டம் சேர்ந்துவிட்டால் மனித உடம்பே சிக்னலைக் குடித்துவிடும், ஆன்டெனா தலைகளுக்கு மேலே இருக்க வேண்டும் என்று நான் சொல்லும்போதெல்லாம், "சாம்பாரைக் குடிக்கிறது பத்தாதுன்னு சிக்னலையும் குடிக்கிறாங்களா?" என்று கேலி செய்த ஆள் நீங்கள். பிறகு பச்சைப் பெட்டியைச் சொருகிக்கொண்டு நேராகச் சமையல் கொட்டகைக்குப் போனீர்கள். வேறெங்கும் நடக்கவில்லை.

"மச்சான், இப்ப கேக்குதா?"

பக்கத்தில் நின்று கேட்ட மாதிரி இருந்தது. நான் ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டேன். இந்தத் தடவை ஒழுக்கமாக நடந்துகொண்டேனாம். அதற்குப் பிறகு நீங்கள் என்ன பேசினீர்கள் என்று எனக்குத் தெரியாது. ரிசீவரில் கோடுகள் ஏறி இறங்கியதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். வந்ததும் நீங்கள் கேட்பதற்கு முன்னாலேயே, "அங்க இன்னும் வீக்குதான் மாமா" என்றேன். "போவட்டும் வுடு" என்றீர்கள்.

அதோடு விட்டுவிட்டீர்கள். மழைக்காலம் முடிவதற்குள் ஆஸ்பத்திரி. அக்காவுக்கு டாக்டர் சொல்லித்தான் தெரிந்தது. வராந்தாவில் நின்றபடி, யாரோ ஒரு அந்நிய ஆள் அவசர அவசரமாகச் சொல்லித் தெரிந்தது. நான் பக்கத்தில் நின்று அவளோடு சேர்ந்து அதிர்ச்சி அடைந்தேன். அவ்வளவு நன்றாக நடித்தேன் மாமா.

நீங்கள் போய் வருஷம் திரும்பப்போகிறது. அக்கா உங்களை நினைத்து அழுவதில்லை, அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. அவளுக்கு உங்கள்மேல் கோபம். நான் சாப்பிடப் போகும்போதெல்லாம் சோற்றைப் போட்டுவிட்டு ஆரம்பிப்பாள்.

"பக்கத்துலயே படுத்துக் கெடந்தேன்டா. வயித்தப் புடிச்சிக்கினு பொரண்டப்பகூட கேஸுன்னு ஓமத்தண்ணிதான் காய்ச்சிக் குடுத்தேன். அவரு அதையும் வாங்கிக் குடிச்சாரு. எங்கிட்ட சொன்னா என்னா ஆயிருக்கும்? அவ்ளோ வருஷம் குடும்பம் நடத்தி, எம்மேல நம்பிக்கை இல்லாமயே பூட்டாரே."

பிறகு கேட்பாள். "உங்கிட்டயாச்சும் எதுனா சொன்னாராடா?"

"இல்லக்கா" என்பேன். அது பொய்யும் இல்லை என்று எனக்கு நானே வக்கீல் வைத்துக்கொண்டேன். நீங்கள் டாக்டரிடம் சொன்னீர்கள், என்னிடம் சொல்லவில்லை. நான் கேட்டது தற்செயல். ஒட்டுக்கேட்டதற்கு எப்படிச் சாட்சி சொல்வது? அந்த நூலைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை நாள் அவள் கையால் சாப்பிட்டேன்.

போன முகூர்த்தத்தில் அந்த நூலும் அறுந்தது. ஒரு பெரியவர் காலர் மைக்கோடு வாழ்த்திப் பேசிக்கொண்டிருந்தார். சட்டைப் பையில் பழைய பட்டன் போன். அதற்கு அழைப்பு வந்தது. மணி அடிப்பதற்கு முன்னாலேயே ஸ்பீக்கரில் 'டட்-டடட்-டட்' என்று இரைச்சல். பெரியவர் போனை எடுத்து, "கல்யாணத்துல இருக்கேன், வையி" என்று பேசி முடிக்கிற வரைக்கும் அந்த இரைச்சல் ஓயவில்லை. பட்டன் போன் டவரோடு பேசும்போது பக்கத்தில் இருக்கிற மைக்கை விடாது என்று நமக்குத் தெரியாதா? உங்கள் போனே அப்படித்தான். "மாமாவுக்கு போன் வர்றது மாமாவுக்கு முன்னாடி மண்டபத்துக்குத் தெரியும்" என்று டீக்கடையில் உங்களை ஓட்டுவார்கள். கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

அன்றைக்குச் சமையல் கொட்டகையிலிருந்து உங்கள் குரல் துடைத்துவைத்த மாதிரி சுத்தமாக வந்தது. ஒரு 'டட்' கூட இல்லை.

ஒருவேளை அங்கே டவர் பக்கத்திலேயே இருக்கலாம், போன் அதோடு மெதுவாகப் பேசியிருக்கலாம் என்று மனசைத் தேற்றிப் பார்த்தேன். நிற்கவில்லை. அக்காவிடம் ஏதோ சாக்கு சொல்லி உங்கள் போனை வாங்கி, சார்ஜ் ஏற்றி, என் சிம்மைப் போட்டேன். அதே மண்டபம், அதே பச்சைப் பெட்டி. சமையல் கொட்டகையில் நீங்கள் நின்ற இடத்தில் நின்று, நம் கடை எண்ணுக்கு அழைத்துப் பேசினேன். மிக்ஸரில் பதிவு ஓடிக்கொண்டிருந்தது. திரும்பி வந்து கேட்டேன். என் குரலுக்கு மேலே 'டட்-டடட்-டட்' என்று அடித்துக்கொண்டே இருந்தது.

அன்றைக்கு அந்தப் போனில் யாரும் இல்லை, இல்லையா மாமா?

டாக்டரும் இல்லை, அழைப்பும் இல்லை. என் முகத்தைப் பார்த்துச் சொல்லவும் உங்களுக்கு வாய் வரவில்லை. அதனால் மைக்கை மாட்டிக்கொண்டு, என்னை மிக்ஸரில் உட்காரவைத்து, யாரும் இல்லாத கொட்டகைக்குப் போய் நின்று சொன்னீர்கள். காற்றில் விட்டால் ஊருக்கு விட்டது என்று நம்பிய மனுஷன், ஆயுசில் ஒரே ஒரு முறை எனக்கென்று காற்றில் விட்டார். "எல்லா எடத்துலயும் கேட்டுச்சா?" என்று வந்து கேட்டது மண்டபத்தைப் பற்றி இல்லை. நான்தான் அங்கே ஒன்றுமே கேட்கவில்லை என்றேன். என்மேல் தப்பே இல்லாதது மாதிரி நீங்கள் ஆன்டெனாவை உயர்த்தி வைத்து, மறுபடியும் போய் நின்றீர்கள்.

இரண்டாவது தடவை என்ன சொன்னீர்கள் மாமா? அக்காவுக்கு ஏதாவது இருந்ததா? அதை இனி எந்த ரிசீவரில் தேடுவேன்? முதல் தடவை கேட்ட சேதியையாவது சொல்லாமல் மூடிவைத்துக்கொண்டு, அவளை இத்தனை மாதம் உங்கள்மேல் கோபப்பட விட்டேனே. உங்கள் நோய்க்கு நான் காரணம் இல்லை. அவள் கோபத்துக்கு நான்தான் காரணம்.

இந்த மலர் அச்சாகி வந்தால் முதல் பிரதி அக்கா வீட்டுக்குத்தான் போகும். ஊர் படிக்கும்போது அவளும் படித்துத் தெரிந்துகொள்கிற விஷயம் இல்லை இது. இதைச் செயலாளரிடம் கொடுப்பதற்கு முன்னால் அவளிடம் போகிறேன். நாளைக் காலை முதல் பஸ்ஸில் போகிறேன். அவள் சோற்றைப் போடுவதற்கு முன்னாலேயே சொல்லிவிடுவேன். நீங்கள் அவளிடம் மறைக்க நினைக்கவில்லை என்று, அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வரவில்லை என்று, என்னை நம்பிக் கொடுத்தனுப்பினீர்கள் என்று, வழியில் அதை நான் வைத்துக்கொண்டேன் என்று. நீங்கள் சொன்ன வார்த்தையிலேயே சொல்வேன், ஒரு எழுத்து கூட்டவோ குறைக்கவோ மாட்டேன். இனிமேல் அந்த வீட்டில் எனக்குச் சோறு உண்டா இல்லையா என்பது அவள் இஷ்டம். அவளுக்கு உங்கள்மேல் இருக்கிற கோபத்தை நான் வாங்கிக்கொண்டு வருகிறேன். அது என்னுடையதுதான்.

கேட்டதா என்று நீங்கள் இரண்டு தடவை கேட்டதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

கேட்டுச்சு மாமா. ரெண்டு தடவையும் கேட்டுச்சு.

சேதியை வழியில் நிறுத்திவைத்த,
உங்கள் மச்சான்
குமரவேல்